ஆஸ்துமா உள்ளவருக்கு எந்தப் பயிற்சி? ஓட்டம், நீச்சல், நடை, யோகா: ஓர் ஒப்பீடு

ஆஸ்துமா என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது ஐஸ்கிரீம்; அடுத்தது விளையாட்டு. பிள்ளையாக இருந்தால், பி.டி. பீரியடில் ஓட வைக்க வேண்டாம் என்று பள்ளிக்குக் கடிதம் போகும். பெரியவராக இருந்தால் அவரே மெல்லக் குறைத்துக்கொள்வார். முதலில் மாடிப்படி, பிறகு காலை நடை, கடைசியில் தெருமுனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டர். மூச்சு வாங்குகிறது, எதற்கு வம்பு என்ற எண்ணம் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எந்தப் பயிற்சி நல்லது என்று ஒப்பிடும்போது, சும்மா இருப்பதையும் ஒரு தேர்வாக வைத்துத்தான் பேச வேண்டும். யோசிக்காமலே பலர் தேர்ந்தெடுப்பது அதைத்தான்.

அதற்கும் விலை உண்டு. உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். கடுமையாக ஓடினால் அது 100 லிட்டரையும் தாண்டும். பயிற்சி இல்லாத உடல் இரண்டு மாடி ஏறுவதற்கே நிறையக் காற்றைக் கேட்கும்; பழகிய உடல் அதே வேலையைக் குறைந்த மூச்சில் முடித்துவிடும். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழலைச் சீண்டுவது வேலையின் பெயர் அல்ல, அந்த வேலைக்காக இழுக்கப்படும் காற்றின் அளவு. ஆகவே ஓய்வெடுக்க ஓய்வெடுக்க, முன்பு தொல்லை தராத சின்ன வேலைகூடத் தொல்லை தரத் தொடங்குகிறது. கூடவே எடையும் ஏறுகிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஆஸ்துமாவைக் கட்டுக்குள் கொண்டுவருவது இன்னும் கடினம்.

சரி, பயிற்சி செய்தால் ஆஸ்துமா போய்விடுமா? போகாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் இதைப் பற்றி ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஆஸ்துமா உள்ளவர்கள் பயிற்சியை நன்றாகவே தாங்கிக்கொள்கிறார்கள், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது, நோய் மோசமாவதில்லை என்பது அதன் சாரம். ஆனால் குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையின் எண்கள் பெரிதாக மாறவில்லை. உடல் தேறும், நோய் உள்ளே இருக்கும். "எங்கள் பயிற்சியால் ஆஸ்துமா வேரோடு போய்விடும்" என்று எவராவது விளம்பரம் செய்தால் அங்கேயே விலகிவிடலாம்.

ஒவ்வொரு பயிற்சியாகப் பார்ப்பதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்புவது மூக்கின் வேலை. மூச்சு வேகமெடுத்ததும் வாயைத் திறந்துவிடுகிறோம்; அந்த வேலை முழுவதும் மூச்சுக்குழலின் தலையில் விழுகிறது. குழலின் உட்சுவரில் உள்ள மெல்லிய நீர்ப்படலம் ஆவியாகி, மிஞ்சிய நீரில் உப்பின் செறிவு கூடுகிறது. அங்கிருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. பெரும்பாலும் இந்த இறுக்கம் ஓடி நின்ற பிறகு, ஐந்து பத்து நிமிடங்களில் உச்சத்துக்கு வந்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். "நன்றாகத்தான் விளையாடினான், வந்து உட்கார்ந்த பிறகுதான் இருமல்" என்று தாய்மார்கள் சொல்வது இதைத்தான்.

ஆகவே எந்தப் பயிற்சியையும் இரண்டு கேள்விகளால் அளக்கலாம். இடைவிடாமல் எவ்வளவு நேரம் வேகமாக மூச்சு வாங்க வேண்டியிருக்கும்? அப்போது உள்ளே போகும் காற்று எப்படிப்பட்டது: ஈரமா உலர்ந்ததா, சூடா குளிரா, சுத்தமா புகையா? பயிற்சியின் பெயர் இரண்டாம் பட்சம்.

இந்த அளவுகோலில் மிகக் கடினமான தேர்வு தொடர் ஓட்டம். உடற்பயிற்சியால் வரும் இறுக்கத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்க மருத்துவர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். நோயாளியை டிரெட்மில்லில் ஏற்றி, இதயத் துடிப்பு அவரது உச்ச அளவில் 80 முதல் 90 விழுக்காடு வரை எட்டும்படி, உலர்ந்த காற்றில் ஆறு முதல் எட்டு நிமிடம் ஓட வைப்பார்கள். அதன்பின் முதல் நொடியில் அவர் ஊதித் தள்ளும் காற்று 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால், சோதனை நேர்மறை. இப்போது யோசியுங்கள்: புத்தாண்டுத் தீர்மானம் எடுத்துக்கொண்டு, புது ஷூ வாங்கி, ஜனவரி விடியலில் மைதானத்தை மூன்று சுற்று மூச்சு முட்ட ஓடுகிற புதியவர் செய்வது கிட்டத்தட்ட அதே சோதனையைத்தான். பக்கத்தில் மருத்துவர் இல்லாமல். முதல் நாளே இழுப்பு வந்து "எனக்கு ஓட்டம் ஆகாது" என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார்.

ஆகாது என்று இல்லை. 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி முடித்த பாலா ராட்கிளிஃபுக்கு உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமா உண்டு. அந்தப் பெண்கள் உலக சாதனை 2019 வரை யாராலும் முறியடிக்கப்படவில்லை. ஓட்டம் கடைசியில் போய்ச் சேரக்கூடிய இடம். தொடங்குவதற்கு உகந்த இடம் அல்ல என்பதுதான் என் கட்சி.

விட்டு விட்டு ஓடும் விளையாட்டுகள் இதைவிட எவ்வளவோ மேல். கபடியில் ஒருவர் பாடிப் போகும் நேரம் 30 நொடி. திரும்பி வந்தபின் மூச்சு வாங்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. வாலிபால், ஷட்டில், டேபிள் டென்னிஸ், கிரிக்கெட் எல்லாம் இந்த வகை. கால்பந்தும் ஹாக்கியும் அப்படியல்ல, நடுகளத்தில் ஆடுபவருக்கு ஓய்வே கிடையாது. ஆசை இருந்தால் முதலில் கோல்கீப்பராகத் தொடங்கலாம். களத்தின் காற்றையும் பார்க்க வேண்டும். ஊர்ப்புறத்து மண் தரையில் மாலையில் புழுதி பறக்கும். ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிப்பது ஆஸ்துமா உள்ள ஆட்டக்காரருக்குப் பெரிய உதவி. நகரத்தில் தகரக் கொட்டகைக்குள் அடைத்த ஷட்டில் கோர்ட்டுகளில் தூசிதான் தொல்லை.

நீச்சலுக்கு வருவோம். மருத்துவர்களிடம் கேட்டால் பலர் முதலில் சொல்வது இதைத்தான், காரணமும் வலுவானது. நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று ஈரமும் வெதுவெதுப்பும் கொண்டது. குழலின் நீர்ப்படலம் உலர்வது குறைகிறது, ஆகவே அதே அளவு மூச்சு வாங்கினாலும் ஓட்டத்தைவிட இறுக்கம் குறைவு. சிறுவர்கள், பதின்வயதினர் பற்றிய காக்ரேன் தொகுப்பு ஒன்றில் உடல்தகுதியோடு நுரையீரல் செயல்பாட்டு எண்களும் ஓரளவு கூடியதாகத் தெரிந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கிய மார்க் ஸ்பிட்ஸ் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமாக்காரர்.

இவ்வளவு நல்லதில் ஒரு வில்லங்கம் உண்டு: குளோரின். நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடியை "குளோரின் நன்றாகப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் சுத்தம்" என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நேர் எதிர். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின்களாக மாறும்போதுதான் அந்த நெடி வருகிறது. அவற்றில் டிரைகுளோரமின் எளிதில் வாயுவாகி நீர்ப்பரப்பின் மேல் தங்கும். நீந்துபவரின் வாய் இருக்கும் உயரமும் அதுதான். நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, காற்றோட்டம் சரியில்லாத உள்ளரங்கக் குளம் என்றால் ஆஸ்துமா உள்ள பிள்ளையைச் சேர்க்க நான் யோசிப்பேன். திறந்தவெளிக் குளத்தில் அந்த வாயு காற்றோடு போய்விடும். சேர்க்கும் முன் ஒருமுறை மாலை நேரத்தில் குளத்தங்கரையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கண் எரிந்தால் வேறு குளம் தேடுவது நல்லது. குளிக்காமல் யாரையும் நீரில் இறங்க விடாத குளம் என்றால் அந்த நிர்வாகத்தை நம்பலாம்.

ஊரில் கிணறோ குளமோ இருந்தால் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் நடுநீரில் மூச்சு இறுகினால் அது வேறு வகை ஆபத்து. எந்த நீராக இருந்தாலும் துணையில்லாமல் இறங்கக் கூடாது. இன்ஹேலர் வீட்டில் அல்ல, கரையில் இருக்க வேண்டும். ஸ்கூபா டைவிங் மட்டும் தனிக் கணக்கு. அழுத்தத்தில் சுவாசித்துவிட்டு மேலே வரும்போது இறுகிய குழலுக்குப் பின்னால் காற்று அடைபட்டு விரிந்தால் நுரையீரல் கிழியலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் சிறப்பு மருத்துவரின் அனுமதியில்லாமல் அதைத் தொடவே கூடாது.

நீச்சலின் இன்னொரு குறை பணமும் தூரமும். மாதக் கட்டணம், போக வர ஆகும் நேரம், மழைக்கால மூடல் என்று மூன்று மாதத்தில் நின்றுபோகும் நீச்சலைவிட, மூன்று வருடம் தொடரும் நடை உயர்ந்தது. நடையின் பலமே அதுதான். செலவில்லை, எப்போது வேண்டுமானாலும் வேகத்தைக் குறைக்கலாம், வாயை மூடி மூக்கால் மூச்சுவிட்டபடியே செய்ய முடிகிற மிகச் சில பயிற்சிகளில் அது ஒன்று. பேசிக்கொண்டே நடக்க முடியவேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். பூங்காவில் அரட்டை அடித்தபடி உலாவுவது மனசுக்கு நல்லது, நுரையீரலுக்குக் கணக்கில் வராது.

ஆனால் எப்போது நடப்பது? விடியற்காலைக் காற்று சுத்தமானது என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. மார்கழி, தை மாதங்களில் அது பெரும்பாலும் தவறு. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துத் தங்கிவிடுகிறது; அதன் மேல் சற்றே வெப்பமான அடுக்கு மூடிபோல் உட்காருகிறது. வண்டிப் புகை, குப்பை எரித்த புகை, டயர் கொளுத்திய போகிப் புகை எல்லாம் வெயில் ஏறும்வரை அதற்குள்ளேயே கிடக்கும். பனி என்று நாம் ரசிப்பதில் பாதி புகை. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழலும் நாளின் மற்ற நேரங்களைவிடப் பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் அதிகம் சுருங்கியிருக்கும். இரண்டும் சேரும் நேரத்தில் நெடுஞ்சாலை ஓரம் விறுவிறுவென்று நடப்பதைவிட, வெயில் ஏறிய பிறகு எட்டு மணி வாக்கில் உள்தெருவில் நடப்பது மேல். கடற்கரை ஊர்களில் கடற்காற்று வீசத் தொடங்கிய மாலை இன்னும் நல்லது. சென்னையின் புழுக்கத்தை எவ்வளவு திட்டினாலும், அந்த ஈரப்பதம் மூச்சுக்குழலுக்கு நண்பன். சென்னையில் தொல்லையில்லாமல் நடந்தவருக்கு டிசம்பரில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மேடேறும்போது இழுப்பு வந்தால் ஆச்சரியமில்லை. குளிர்ந்த உலர்ந்த காற்றின் வேலை அது. மூக்கையும் வாயையும் ஒரு மஃப்ளரால் மூடிக்கொண்டால், விடும் மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி அடுத்த மூச்சுக்குத் திரும்பக் கிடைக்கும்.

சைக்கிளும் நடையைப் போலத்தான், ஆனால் லாரிக்குப் பின்னால் மிதிக்க வேண்டிய சாலையானால் வேண்டாம். ஜிம்மில் எடை தூக்குவது சின்னச் சின்ன முயற்சிகளாக இருப்பதால் இறுக்கம் அரிது, ஏ.சி.யின் உலர்ந்த காற்றும் பக்கத்து ஆளின் வாசனை ஸ்பிரேயும்தான் அங்கே கவனிக்க வேண்டியவை.

யோகாவைப் பற்றிப் பேசினால் சண்டை வரும். பரவாயில்லை. 2016இல் வந்த காக்ரேன் தொகுப்பு, யோகா ஆஸ்துமா உள்ளவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரத்தையும் அறிகுறிகளையும் சிறிதளவு மேம்படுத்துவதாகச் சொல்கிறது. நுரையீரல் செயல்பாட்டில் உறுதியான மாற்றம் காட்டவில்லை. மெதுவாக இழுத்து மெதுவாக விடும் பயிற்சிகளால் பதற்றம் குறையும்; இழுப்பு வரும்போது பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும் பழக்கமும் மாறும். 1950களில் சோவியத் மருத்துவர் கான்ஸ்டன்டின் புத்தேய்கோ உருவாக்கிய மூச்சுக் குறைப்பு முறையின் பயனும் இந்த அளவில்தான். ஆனால் கபாலபாதி, பஸ்திரிகா போன்றவற்றில் மூச்சு பலமாகவும் வேகமாகவும் போய்வருகிறது. மேலே சொன்ன உலர்தல் கதை அங்கேயும் பொருந்தும். நோய் கட்டுக்குள் இல்லாதவர் அவற்றோடு தொடங்கக் கூடாது. யோகாவை நடையோடு சேர்த்துச் செய்வது நல்ல தேர்வு. நடைக்குப் பதிலாக என்றால் இதயமும் தசையும் தேற வேண்டிய அளவு தேறாது. இன்ஹேலருக்குப் பதிலாக என்றால் அது தேர்வே அல்ல, ஆபத்து.

இன்ஹேலர் என்றதும் "பழகிவிடும்" என்ற பயம் எழும். எதற்கு எது என்று பிரித்துப் பார்க்காததால் வரும் பயம் அது. சால்பியூட்டமால் போன்ற உடனடி நிவாரணி, பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுத்தால் அன்றைய இறுக்கத்தைத் தடுக்கும். ஆனால் அதை மட்டுமே தினமும் நம்பினால் அதன் பாதுகாப்பு நேரம் குறைந்துகொண்டே வரும். உள்ளே இருக்கும் அழற்சியையும் அது தொடுவதில்லை. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அந்த அழற்சியைத் தணிக்கிறது. சில வாரங்கள் ஒழுங்காக எடுத்தால் பயிற்சியால் வரும் இறுக்கமே குறைந்துவிடும். உலகளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு, நிவாரணியை மட்டும் தனியாகக் கொடுப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஆக, தினமும் நடைக்கு முன் பஃப் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மாற்ற வேண்டியது பயிற்சியை அல்ல, சிகிச்சையை. எதை எவ்வளவு என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது.

போட்டிகளில் ஆடும் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். 1972 மியூனிக்கில் 400 மீட்டர் நீச்சலில் முதலாவதாக வந்த அமெரிக்கர் ரிக் டிமான்ட், ஆஸ்துமா மாத்திரையில் இருந்த எஃபெட்ரினுக்காகத் தங்கத்தை இழந்தார். இன்று சால்பியூட்டமாலை உள்ளிழுக்க அனுமதி உண்டு. 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமும் உச்ச வரம்பு. ஒரு பஃப் வழக்கமாக 100 மைக்ரோகிராம். மாத்திரையும் சிரப்பும் அனுமதிக்குள் வராது. நோயைச் சோதித்து, சிகிச்சை கொடுத்து, ஆட விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் அமெரிக்க அணி நல்ல சான்று. அந்த அணியின் 597 பேரில் 67 பேருக்குப் பயிற்சியால் மூச்சுக்குழல் இறுகும் தொல்லை இருந்தது. அந்த 67 பேர் 41 பதக்கம் வாங்கினார்கள்.

மருந்தில்லாத ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. முக்கியப் பயிற்சிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம், சில நொடி வேகம், பிறகு நிதானம், மறுபடி வேகம் என்று மாற்றி மாற்றி உடலைச் சூடாக்கினால், ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதன் பிறகு இரண்டு மணி நேரம் வரை இறுக்கம் வருவது குறைகிறது. எல்லோருக்கும் பலிக்காது, செலவில்லை என்பதால் சோதித்துப் பார்ப்பதில் நட்டமும் இல்லை.

இனி தேர்வு. முதலில் உங்களையே நான்கு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கடந்த நான்கு வாரத்தில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பகலில் அறிகுறி வந்ததா? இரவில் இழுப்பால் விழித்தீர்களா? நிவாரணியை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எடுத்தீர்களா? ஆஸ்துமாவால் எந்த வேலையையாவது தவிர்த்தீர்களா? மூன்றோ நான்கோ ஆம் என்றால் நோய் கட்டுக்குள் இல்லை. முதலில் மருத்துவரிடம் போங்கள். அதுவரை மெல்லிய நடை போதும். ஒன்றும் இல்லை என்றால் ஓட்டம் உட்பட எந்தக் கதவும் மூடப்படவில்லை.

பள்ளிப் பிள்ளைக்கு, பக்கத்தில் நல்ல திறந்தவெளிக் குளம் இருந்தால் நீச்சல். இல்லையென்றால் ஷட்டிலோ வாலிபாலோ; நண்பர்கள் எதை ஆடுகிறார்களோ அதையே ஆடட்டும், பிடித்தால்தான் தொடரும். ஐம்பதைத் தாண்டி, எடையும் கூடியவருக்கு நடையோடு வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி. வருடம் முழுக்க மூக்கடைப்பும் தும்மலும் உள்ளவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் மூக்குக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் எல்லாப் பயிற்சியும் வாய்வழிப் பயிற்சிதான். சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் எவருக்கும் பயிற்சி வேண்டாம்.

நடுவில் இறுகினால் நின்று, நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவர் சொன்ன அளவில் நிவாரணியை எடுங்கள். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குடுவையான ஸ்பேசர் இருந்தால் அதன் வழியாக. ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, மருந்து கேட்கவில்லை என்றால் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

இன்னொரு வகையினரும் உண்டு. மூச்சு விடும்போது அல்ல, இழுக்கும்போது சத்தம். நெஞ்சில் அல்ல, தொண்டையில் இறுக்கம். ஓட்டத்தின் உச்சத்தில் வந்து, நின்ற சில நிமிடங்களில் மறைகிறது. இன்ஹேலரால் பயனே இல்லை. இது ஆஸ்துமாவாக இல்லாமல் குரல்வளை சுருங்கும் கோளாறாக இருக்கலாம், போட்டிகளில் ஓடும் பதின்வயதுப் பெண்களிடம் இது அதிகம். ஸ்டீராய்டின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன், நுரையீரல் மருத்துவரிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிச் சோதித்துவிடுவது நல்லது. அதற்கான சிகிச்சை மருந்து அல்ல, பேச்சுப் பயிற்சியாளர் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சி.